பல்லி ஏன் உச்சுக்கொட்டுகிறது

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு வரும். அதுவும் சாதாரணப் பேச்சா? இங்கிலீஷ்! துரையின் பங்களாச் சுவரிலேயே பிறந்து வளர்ந்ததால் இலக்கணம் அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. யாராவது தப்பாகப் பேசிவிட்டால் போதும், உடம்பெல்லாம் அரிக்கும். திருத்தினால்தான் அரிப்பு அடங்கும்.

ஒருநாள், அறை இருட்டாக இருக்கிறதென்று வாசல் ஆலமரத்தை வெட்டச் சொல்லிவிட்டார் துரை. மரத்தில் குடியிருந்த அணில்களும் பறவைகளும் பதறிப்போய்ப் பல்லியிடம் ஓடிவந்தன.

"ஐயோ, துரை முகத்தைப் பார்த்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குமே!" என்றது பல்லி. இலக்கணம் படித்த அளவுக்குத் தைரியம் படிக்கவில்லை, பாவம்.

"அப்ப நான் பேசுறேன் அண்ணே," என்றது மைனா. "ஆனா நான் முடிக்கிற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது."

"சத்தியமா திறக்க மாட்டேன்."

மைனா துரையின் மேசைமேல் போய் நின்றது. "சார், வீ இஸ் புவர் பீப்பிள். ட்ரீ ஆர் அவர் ஹவுஸ். பிளீஸ் டோன்ட் கட்டிங்."

துரைக்கு நன்றாகவே புரிந்தது. முகம்கூட இளகியது. பல்லிக்குத்தான் தாங்கவில்லை. வாயைத் திறக்காமலே நாக்கைத் தட்டியது: "ச்சு! ச்சு! ச்சு!"

"பல்லி ஏன் உச்சுக்கொட்டுகிறது? மைனா சொல்வது பொய்யா?" என்று பக்கத்தில் நின்ற பட்லர் சவரிமுத்துவைக் கேட்டார் துரை.

சவரிமுத்து தினமும் மதியம் குறட்டை விடுவது அந்த மரத்தடியில்தான். சட்டென்று குனிந்து தரையை விரலால் தட்டினார். "இல்லீங்க துரை! பல்லி உச்சுக்கொட்டினா, சொன்னது சத்தியம்னு அர்த்தம்."

"அப்படியா?" துரை நேராகப் பல்லியையே பார்த்தார்.

'அத்தனையும் பிழை' என்ற சொல் பல்லியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே அணில்கள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றன. பல்லி மானத்தையும் இலக்கணத்தையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, "ச்சு" என்றது. வெட்ட வந்தவர்களைத் துரை திருப்பி அனுப்பிவிட்டார்.

வாயைத் திறந்தால் குட்டு உடைந்து மரம் போய்விடுமே என்று பல்லி அப்புறம் பேசவே இல்லை. அன்று முதல்தான், நம் பேச்சில் தப்பைக் கண்டால் அது சுவரிலிருந்து உச்சு மட்டும் கொட்டுகிறது, நாமும் தரையைத் தட்டி, "பார்த்தியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று அதே தப்பை இன்னும் உரக்கச் சொல்கிறோம்.