குணராஜ் எதை எடுத்தார்?

வால்பாறையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஐந்து கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு ஜெருஷா ஆப் எழுதக் கற்றுக்கொடுத்தாள். அவளுக்கு வயது இருபத்தொன்பது. அவளுடைய மாணவர்களில் மூத்தவர் குணராஜ், வயது நாற்பத்தாறு. தேயிலை ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் எடை போட்டவர். ஃபேக்டரியை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தார். எடை போடும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

போன வருஷம் மழை விட்டதும் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அந்தோணியம்மாளை யானை மிதித்துவிட்டது. வனத்துறை வாச்சர் யானையைப் பார்த்துவிட்டுக் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பட்டியலில் அந்தோணியம்மாள் பதினோராவது பெயர். அவர் ஒன்பதாவது பெயரோடு பேசிக்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது.

பக்கத்து நிரையில் நின்றவள் குணராஜின் மனைவி செல்லக்கிளி.

வாச்சர் ஒரு பட்டனை அமுக்கினால் காட்டிலுள்ள எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலற வேண்டும் என்று குணராஜ் அன்றைக்கே முடிவு செய்தார். தொழிலாளர் கையில் மலிவான ஆண்ட்ராய்டு போன். ரேஞ்சர் கையில் ஐபோன். ஒரு தடவை எழுதினால் இரண்டிலும் ஓடுவதற்கென்றே ஃப்ரேம்வொர்க்குகள் இருக்கின்றன. ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"டீச்சர், ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா, கோட்லினா?"

"எத்தனை நாளா பார்க்கறீங்கண்ணே?"

"ரெண்டு மாசமா."

அவர் தன் எக்செல் தாளைத் திறந்து காட்டினார். நாற்பத்தொரு வரிசை. வேகம் எவ்வளவு, கனம் எவ்வளவு, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், இன்னும் எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மார்க் போட்டிருந்தார். கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கும் அரை மார்க்தான் வித்தியாசம்.

"யானை எப்ப வரும்?"

"மழை விட்டதும் வந்துடும். ஏழு வாரம் இருக்கு."

"செல்லக்கிளி அக்கா போன் இதுல எந்த வரிசைல இருக்கு?"

குணராஜ் மேலும் கீழும் தேடினார். எந்த வரிசையிலும் இல்லை.

"ஒரு நாளைக்கு ஒண்ணா மூணுலயும் எழுதிப் பாருங்க. ஒரே ஸ்கிரீன். ஒரு பட்டன், ஒரு சத்தம். அவ்வளவுதான்."

நான்காம் நாள் காலையில் அவர் சிவந்த கண்களோடு வந்தார்.

"மூணும் ஓடுது டீச்சர். எதை வச்சுக்கட்டும்?"

"மூணையும் அழிச்சிடுங்க."

அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"விளையாடற நேரமா டீச்சர் இது?"

"அழிச்சிட்டு லேப்டாப்போட வீட்டுக்குப் போங்க. சாயங்காலத்துக்குள்ள மறுபடி எழுதுங்க."

குணராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் ஒரு தடவை டீச்சர் என்று வாயால் கூப்பிட்டுவிட்டார், என்ன செய்வது? மூன்றையும் தன் கையாலேயே அழித்தார். படி இறங்கும்போது முனகிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எஸ்டேட்டில் அவருடைய லைன் வீடு பள்ளத்தில் இருந்தது. மேலே தேயிலைக் காட்டில் சிக்னல் கிடைக்கும், வீட்டில் கிடைக்காது. எதையும் தேடிப் பார்க்க வழியில்லை. யாரையும் கேட்கவும் வழியில்லை.

முதலில் எடுத்தது நான்காவது வரியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. இரண்டாவதை முழுசாக எழுதினார். அது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்றும் தெரியவில்லை. மூன்றாவதும் ஓடவில்லை. ஆனால் எங்கே தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. சரி செய்தார். இன்னொரு இடத்தில் இடித்தது. அதையும் சரி செய்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே, ஒயரில் மாட்டி ஆப்பை ஏற்றி அவர் பட்டனை அமுக்க, அடுப்படியில் செல்லக்கிளியின் போன் வீடே அதிர அலறியது. தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"என்ன கருமம் அது?"

"யானை."

அவள் முகம் செத்துப்போனது. குணராஜ் பதறிப்போய், "இல்ல, இல்ல, சும்மா சோதனைதான்" என்றார். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் போய்ச் சொன்னார்: "எடுத்துட்டேன் டீச்சர்."

"சரி. ஆரம்பிங்க."

சொல்லிவிட்டு அவள் அடுத்த மாணவனிடம் போய்விட்டாள். இவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ரெண்டு மாசக் குழப்பம் தீர்ந்திருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டால்தான் என்ன?

ஆப் வேகமாக வளர்ந்தது. மழை விட இரண்டு வாரம் இருக்கும்போது வந்தது வினை. செல்லக்கிளியின் போன் திரை அணைந்து பத்து நிமிஷமானால் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்பையே தூங்கவைத்துவிடும். அப்புறம் யானை வந்தாலும் எழுப்பாது. காட்டில் பாதிப் பேரிடம் அதே போன்தான். ஜெருஷாவைக் கேட்கலாமென்றால் அவள் தங்கை பிரசவத்துக்கென்று நாகர்கோவில் போயிருந்தாள். போனில் பிடித்தபோது, ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவே, "உங்களால முடியும்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கூடப் படித்த ரியாஸ் சொன்னான்: "வேற ஃப்ரேம்வொர்க்குக்கு மாத்திடுங்கண்ணே. அதுல இந்தத் தொல்லையே இல்லையாம்."

"நீ எழுதிப் பார்த்தியா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"சொல்றவங்க யாரும் ஒன்பதாம் நம்பர்ல கொழுந்து எடுக்கல தம்பி. நான் மாத்தப் போறதில்ல. இதுக்குள்ளதான் வழி இருக்கணும். தேடறேன்."

ஆறு நாள் தேடினார். லைன் முழுக்க நடந்து ஏழு போன்களை இரவல் வாங்கினார். இந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று லைனே பேசிக்கொண்டது. ஆறாம் நாள் இந்த ஒரு ஆப்பை மட்டும் போன் தூங்கவைக்காமலிருக்க ஒரு வழி கிடைத்தது. செல்லக்கிளி வேலையில் எப்படி வைப்பாளோ அப்படியே போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நனையாமலிருக்க இடுப்பில் கட்டுகிற தார்பாலின் தாளுக்குள் செருகி, காட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு, பட்டனை அமுக்கினார்.

அலறியது. அடுத்த நாலு நாளில் முப்பது தடவை அப்படிச் செய்து பார்த்தார். முப்பது தடவையும் அலறியது. ரேஞ்சரின் ஐபோனிலும் அலறியது. அவர் அப்போது மீட்டிங்கில் இருந்தாராம்.

மழை விட்டது. ஜெருஷா ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூர் இன்ஜினியர் ஒருவர் ஜெருஷாவைப் பார்க்க மாடிக்கு வந்து குணராஜ் எழுதியதைப் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதையா எடுத்தீங்க? இப்பல்லாம் யாரும் இதைத் தொடறதே இல்லையே சார்."

சொல்லிவிட்டுப் பப்ஸ் சாப்பிடக் கீழே இறங்கிப் போனார். குணராஜுக்குப் பழைய எக்செல் தாள் கண் முன்னால் வந்து நின்றது.

"டீச்சர், தப்பா எடுத்துட்டேனா?"

ஜெருஷா வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அலறியது. ஒன்பதாம் நம்பர் காடு.

திரையில் முப்பத்தேழு பெயர்கள். காட்டை விட்டு வெளியே வந்தவர்கள் ஒரு பட்டனை அமுக்குவார்கள். அமுக்கினால் பெயர் பச்சையாகும். மூன்று பெயர் பச்சையானது. பிறகு ஒன்பது. பிறகு மடமடவென்று இருபது, முப்பது, முப்பத்தாறு. ஜெருஷா எழுந்து நின்றுவிட்டாள்.

ஒரு பெயர் மட்டும் அப்படியே இருந்தது. செல்லக்கிளி.

குணராஜ் மாடிப்படிக்கு ஓடினார். எஸ்டேட் அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. பாதிப் படியில் போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"ரோட்டுல. எல்லாரும் ரோட்டுலதான் நிக்கறோம். மூணு யானை, ஒரு குட்டி. கீழ் நிரைல நிக்குது."

"பட்டனை ஏன் அமுக்கல நீ?"

"யானை வருதுன்னா ஓடுவேனா, உங்க பட்டனை அமுக்கிட்டு நிப்பேனா?"

அவளுக்குப் பின்னால் முப்பத்தாறு பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். குணராஜ் படியிலேயே உட்கார்ந்து அழுதார். பேக்கரிக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

ஜெருஷா இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். பாதி டீ குடித்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது.

"டீச்சர், நான் எதை எடுத்தேன்னு நீங்க ஒரு நாளும் கேக்கவே இல்லையே."

ஜெருஷா அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். முப்பத்தேழாவது பெயரும் பச்சையாகியிருந்தது.

"செல்லக்கிளி அக்கா கேட்டாங்களாண்ணே?"