கலக்காத மூவர்

புதுச்சேரியில் ஓர் உணவகம். அங்கே ஒருநாள் ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பைக்குள் மூன்று மதுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. அடியில் கறுப்பாகக் காபி மது, மேலே பொன்னிறமாக ஆரஞ்சு மது, நடுவில் வெளுப்பாகக் க்ரீம் மது. சாப்பிட்டு முடித்தவர்கள் கடைசியாகக் குடிக்கிற பானம் அது.

க்ரீமுக்கு உள்ளூர உதறல். சமையலறையிலிருந்து அன்றுதான் மது மேடைக்கு வந்திருந்த பிலோமினா இதற்கு முன் ஊற்றிய கோப்பைகளெல்லாம் அடுக்குக் குலைந்து கலங்கிப்போயிருந்தன. "இதுவும் கலங்கிச்சுன்னா நீ மறுபடி அடுப்படிக்கே போயிடும்மா" என்று முதலாளி தணிகாசலம் சொன்னது க்ரீம் காதிலும் விழுந்தது.

"மேலே இருக்கிறவரே, கொஞ்சம் பார்த்து உட்காருங்க" என்றது க்ரீம்.

"நான் என்ன செய்ய? நீதான் நெளியறே" என்றது ஆரஞ்சு.

"ரெண்டு பேர் பாரமும் என் தலையில. இதுல சண்டை வேற!" என்று உறுமியது காபி.

"நமக்காக வேண்டாம். அந்தப் பொண்ணுக்காக, மேசை போய்ச் சேர்ற வரைக்கும் அசையாம இருப்போமே" என்று க்ரீம் கெஞ்சியது.

மற்ற இரண்டும் தத்தம் இடத்தில் இறுகி நின்றன.

பிலோமினா தட்டை ஏந்தி நடந்தாள். வழியில் ஒருவர் சடாரென்று நாற்காலியைப் பின்னால் தள்ள, தட்டு சாய்ந்தது. காபி ஒரு பக்கம் மேலேறியது.

"விட்டுடாதே!" என்று கத்தியது ஆரஞ்சு.

"விடலே, விடலே!" க்ரீம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

தட்டு நிமிர்ந்தது. மூன்று நிறமும் பிசகாமல் மேசைக்கு வந்து சேர்ந்தன.

"அடேயப்பா, பட்டுப்புடவைக் கரை மாதிரி இருக்கே!" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த குமுதவல்லி.

தணிகாசலம் தூரத்திலிருந்தே தலையாட்டினார். "சரிம்மா, நீ மேடையிலேயே இரு."

பிலோமினாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

குமுதவல்லி கையருகே கிடந்த கரண்டியை எடுத்தார். கோப்பைக்குள் விட்டு ஒரே கலக்காகக் கலக்கினார்.

"ஐயோ, போச்சு!" என்று அலறியது க்ரீம்.

ஒன்றும் போகவில்லை. ஆரஞ்சின் மணம் க்ரீமுக்குள் இறங்கியது. காபியின் கசப்பு மெல்ல ஏறி வந்தது. ஊற்றிய நேரத்திலிருந்து விறைத்துக் கிடந்த உடம்பு தளர்ந்து, அப்பாடா என்றிருந்தது.

"இவ்வளவு நேரமும் இதுக்கா பயந்தோம்?" என்று ஒரு குரல் கேட்டுச் சிரித்தது.

அது தன் குரலா, மற்றவர்கள் குரலா என்று க்ரீமுக்கே தெரியவில்லை.