ஒழுகாத ஜீப்

செம்புலிமலை மடத்தில் ஒரு ஜீப் இருந்தது. அது எந்தச் சண்டையில் ஓடியது என்று அடிவாரத்தில் கேட்டால் ஆளுக்கொரு சண்டையைச் சொல்வார்கள். ஒரு முறை அதன் ஹாரன் சத்தத்தைக் கேட்ட ஒற்றை யானை, காணாமல்போன தன் தம்பிதான் கூப்பிடுகிறான் என்று நம்பி மடம் வரைக்கும் பின்னாலேயே வந்ததாம். வந்ததற்குப் பழுதில்லாமல் பந்தியில் நின்று சாப்பிட்டுவிட்டும் போனதாம். இதில் கொஞ்சம் பொய் கலந்திருக்கலாம். ஜீப் ஒழுகும் என்பதில் மட்டும் பொய்யே இல்லை.

ரேடியேட்டர் ஒழுகும். அடியில் ஆயில் ஒழுகும். மழை பெய்தால் கூரை ஒழுகும். மழை விட்ட மறுநாளும், ஞாபகம் வைத்துக்கொண்டு ஒழுகும். டிரைவர் சீட்டுக்குப் பக்கவாட்டில் பெட்ரோல் டேங்கின் மூடி இருந்தது. அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. வளைவில் திரும்பும்போதெல்லாம் அதன் வழியாகப் பெட்ரோல் தெறித்து, ஓட்டுகிறவர் வேட்டியை நனைக்கும்.

ஓட்டுகிறவர் மாசிலாமணி. மடத்துக்கு வருவதற்கு முன் நகராட்சியில் குழாய் ஃபிட்டராக இருந்தவர். ஊரில் எந்தத் தெருக்குழாய் சொட்டினாலும் இவருக்கு வீட்டில் தூக்கம் போய்விடும். மனைவி இறந்த பிறகு, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு மலையேறினார். இப்போது வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவருடைய குருவுக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. குருவை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், மாசிலாமணி உட்பட. குரு அவரை ஐயா என்பார்.

வந்த நாளிலிருந்து மாசிலாமணி அடைத்துக்கொண்டே இருந்தார். ரேடியேட்டரை அடைத்தார். ஆயில் சீல் வளையத்தை மாற்றினார். கூரைக்குத் தார் பூசினார். போன வாரம் டேங்க் மூடியின் துளையில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே புது ரப்பர் வாஷரும் போட்டு இறுக்கிவிட்டார். தன் ஆயுளில் முதல் தடவையாக அந்த ஜீப் நின்ற இடத்தில் ஒரு சொட்டு விடாமல் நின்றது. நம்பிக்கை இல்லாமல் காக்கைகள் அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தன.

அன்று மத்தியானம் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, கண்ணை அடைச்சேன். காதை அடைச்சேன். வாயை அடைச்சேன். வீட்டு நினைப்பையும் அடைச்சாச்சு. ஆனா தியானத்துல உட்கார்ந்தா கொஞ்ச தூரம் நல்லாப் போகுது, அப்புறம் நின்னுடுது. எங்கேயோ ஒழுகுது. எங்கேன்னுதான் பிடிபடலை."

குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு வந்திருக்காளே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பேசினீங்களா?"

"இல்லை."

"வெள்ளிக்கிழமை கல்யாணமாம். அப்பாவைக் கூப்பிட வந்திருக்கா."

"அதெல்லாம் முடிஞ்சுபோன கதை அம்மா. தாரை வார்த்துக் குடுக்க என் தம்பி இருக்கான்."

குரு கீரை முறத்தை ஓரமாகத் தள்ளினார்.

"நாளைக்குக் காலையில அவளுக்கு நலங்காம். கடைசி பஸ்ஸை விட்டா இங்கேயே மாட்டிக்குவா. வண்டியை எடுங்க. நானும் வர்றேன்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"வண்டியை எடுங்க, ஐயா."

மகள் சுடர்க்கொடி பின்னால் ஏறிக்கொண்டாள். குரு முன்னால் உட்கார்ந்தார். டேங்க் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. அடிவாரத்துக்குப் போக இரண்டு மேடு ஏறி இறங்க வேண்டும்.

முதல் மேட்டின் பாதியில் ஜீப் இருமியது, விக்கியது, நின்றது.

மாசிலாமணி பானெட்டைத் திறந்து பிளக்குகளைக் கழற்றினார். கரி பிடித்திருந்தது. வேட்டி முனையால் துடைத்து மாட்டினார். அவர் தலை பானெட்டுக்குள் இருந்த நேரத்தில் குரு மெல்ல இறங்கி, டேங்க் மூடியைத் திருகித் திறந்து, மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை பெட்ரோல் வாசம்தான். மற்ற ஆசைகளெல்லாம் அடிவாரத்திலேயே கழன்று விழுந்துவிட்டன, இது மட்டும் மூக்குக்குள் ஒளிந்துகொண்டு கூடவே வந்துவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"ஆகா," என்றபடி மூடியை மூடினார்.

மாசிலாமணி செல்ஃப் அடித்தார். நாலைந்து இழுப்பில் ஜீப் கிளம்பிவிட்டது.

"பிளக்தான்," என்றார்.

"பிளக்தானா?" என்றார் குரு.

போகிற வழியில் குரு பின்பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை என்ன பண்றார், கொடி?"

"போர் வண்டி வச்சிருக்கார் அம்மா. ஊர் ஊராப் போய் ஆழ்துளைக் கிணறு போடுவார்."

"மாமனாருக்கு ஓட்டையை அடைக்கிற வேலை, மருமகனுக்கு ஓட்டை போடுற வேலை. பொருத்தம் யார் பார்த்தது?"

இருவரும் சிரித்தார்கள். மாசிலாமணி சாலையைப் பார்த்து ஓட்டினார்.

மேட்டைத் தாண்டி இறங்கி, அடுத்த மேட்டில் கால் வைத்ததும் ஜீப் மறுபடி நின்றது. இந்தத் தடவை கார்புரேட்டரைக் கழற்றினார். அதிலிருந்த ஜெட் குழலை வாயில் வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் நாதஸ்வரக்காரர் கன்னம்போல உப்பின. குரு இறங்கிப் போய் மூடியைத் திறந்து, இழுத்து, மூடினார். ஜீப் கிளம்பியது.

"கார்புரேட்டர்ல தூசி. அம்மா, நீங்க அந்த மூடியைத் திறக்காதீங்க. அது வழியாத்தான் தூசி போகுது."

"சரி ஐயா. இனிமே திறக்கலை." குரு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பாவுக்கு எதுவும் மூடியே இருக்கணும் அம்மா," என்றாள் சுடர்க்கொடி, யாருக்குச் சொல்கிறோம் என்பதை மறைக்காமல்.

இரண்டாவது மேட்டின் உச்சியை எட்டிப்பிடிக்கிற இடத்தில் மூன்றாவது முறையாக நின்றது. அங்கிருந்து பார்த்தால் அடிவாரத்தில் பஸ் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மாசிலாமணி பிளக்கைத் துடைத்தார். ஜெட்டை ஊதினார். பம்பைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். பம்பிலிருந்து டேங்க் வரைக்கும் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தார். இணைப்பு ஒவ்வொன்றையும் முகர்ந்தார். செல்ஃப் அடித்தார். அடித்தார். பேட்டரி முனக ஆரம்பித்தது.

"ஒரு சொட்டு ஒழுகலையே அம்மா! எல்லாம் சரியாத்தானே இருக்கு!"

குரு கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சுடர்க்கொடி கீழே இறங்கி, பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு குருவைப் பார்த்தாள்.

"அம்மா, முன்னாடி ரெண்டு தடவையும் நீங்க மூடியைத் திறந்தீங்க. இந்தத் தடவை திறக்கலை."

"உங்கப்பா வேண்டாம்னுட்டாரே."

பானெட்டுக்குள்ளிருந்து மாசிலாமணியின் தலை வெளியே வந்தது.

"என்ன சொன்னே?"

மலையேறிய பிறகு அவர் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவளும் அதைக் கவனித்தாள்.

"வண்டி நிக்குது, அம்மா மூடியைத் திறக்கறாங்க, வண்டி கிளம்புது. பிளக்கும் இல்லை, கார்புரேட்டரும் இல்லைன்னேன்."

மாசிலாமணி டேங்கருகே போனார். மூடி லேசில் திரும்பவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதைப்போல இருந்தது. பல்லைக் கடித்துத் திருகினார்.

'புஸ்' என்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது.

அவர் அப்படியே நின்றார். வீடு வீடாக மொட்டை மாடித் தொட்டிகளுக்கு ஏர் பைப் வைத்தவர் அவர். 'காத்து உள்ளே போகாம தண்ணி எப்படிம்மா வெளியே வரும்?' என்று எத்தனை வீட்டுக்காரம்மாக்களிடம் சலித்துக்கொண்டிருப்பார்!

"உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"எனக்கு வாசம் தெரியும், ஐயா."

டூல்ஸ் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்தார். மூடியைச் சாலையோரக் கல்மேல் வைத்தார். அது நழுவியது. சுடர்க்கொடி வந்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். அவர் ஈயத்தின் மேல் ஆணியை வைத்து ஸ்பேனரை ஓங்கினார்.

"என் விரல்ல போட்டுடாதீங்க."

"கையைத் தள்ளி வை."

"இவ்வளவு தள்ளியா?"

"இன்னும் கொஞ்சம்."

நாலு தட்டில் ஈயம் தெறித்து விழுந்தது. மாசிலாமணி மூடியைத் தூக்கித் துளை வழியாக வானத்தைப் பார்த்தார்.

இறக்கத்தில் ஜீப் அந்த யானையின் தம்பிபோலவே ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் பெட்ரோல் தெறித்தது. குரு ஒவ்வொரு வளைவிலும் "ஆகா" என்றார்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சுடர்க்கொடி குருவைக் கும்பிட்டாள். அப்பாவைப் பார்த்து, "வேட்டியெல்லாம் பெட்ரோல்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

பஸ் நகர்ந்தது. மாசிலாமணி நின்ற இடத்தில் நின்றார். திடீரென்று ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்குள்ள வந்துடுங்க. வெறும் கையோட வாங்க! டூல்ஸ் பையைத் தூக்கிட்டு வந்து மண்டபத்துக் குழாயை எல்லாம் பார்க்கக் கூடாது."

"சொட்டினா?"

"சொட்டட்டும்!"

கம்பி அவர் கையிலிருந்து நழுவியது.

திரும்பி வரும்போது வெயில் தணிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை எனக்கு வண்டி வேணும், அம்மா."

"எடுத்துக்குங்க."

அடுத்த வளைவு வந்தது. பெட்ரோல் தெறித்து முழங்காலை நனைத்தது. மாசிலாமணி துடைக்கவில்லை.

"மத்தியானம் ஒண்ணு கேட்டேனே அம்மா, நீங்க பதிலே சொல்லலை. தியானம் பாதியில நின்னுடுது, எங்கேயோ ஒழுகுதுன்னு..."

குரு கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்து, மெல்ல மூச்சை விட்டார்.

"எங்கேயும் ஒழுகலை, ஐயா. அதுதான் கோளாறு."