செம்பாறை மாமனுக்கு வாசல் வந்த கதை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதையைக் காற்று கொண்டு போய்விடும். அந்தக் காற்றும் இந்தக் கதையில் வருகிற ஆள்தான்.

அந்தக் காலத்தில், கல்லும் காற்றும் ஊர்வனவும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய மணல்காட்டின் நடுவில் செம்பாறை ஒன்று படுத்துக் கிடந்தது. மலை என்று சொல்ல உயரம் போதாது. மதில் என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். ஆனால் நீளம் இருக்கிறதே, சுற்றி வர மானுக்கே மூன்று நாள் பிடிக்கும். நடுவில் ஒரு சந்து கிடையாது, ஒரு பொந்து கிடையாது.

அந்தக் காட்டுக்குக் கல்யாணத் தரகு பார்த்தவள் பூவாயி என்கிற ஓணான். வாய் ஓயாது, கால் நிற்காது. பாறைக்கு இந்தப் பக்கம் வட்டமுத்து என்று ஓர் ஆமை மாப்பிள்ளை. அந்தப் பக்கம் மணிச்சி என்று ஓர் ஆமைப் பெண். பூவாயி பாறைமேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இரண்டு வீட்டையும் பேசி முடித்தாள். கள்ளி பூக்கிற அன்றைக்கு முகூர்த்தம் என்று வெற்றிலையும் மாற்றியாயிற்று.

வட்டமுத்து கழுத்தை மெதுவாக நீட்டிக் கேட்டான். "எல்லாம் சரி அத்தை. நான் எப்படி அந்தப் பக்கம் போறது?"

ஏறியே பழகிய பூவாயிக்கு, ஏறத் தெரியாத பிறவியும் உண்டு என்கிற ஞாபகமே வரவில்லை.

"சுத்திப் போயேன்டா."

"நான் சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த வருசக் கள்ளியே பூத்துடும், அத்தை."

மொட்டு விட்டாகிவிட்டது. பூக்க இன்னும் ஒன்பதே நாள். பூவாயி அந்தப் பக்கம் ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னாள். பெண்ணின் அப்பன் தன் முதுகு ஓட்டைத் தட்டிக்கொண்டு கத்தினான். "முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வரணும். வரலேன்னா இந்தப் பக்கமே ஒரு கிழட்டு ஆமை மூணு வருசமா பொண்ணு கேக்குது. அதுக்குக் கொடுத்துடுவேன், பார்த்துக்க!"

மணிச்சி தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அழுதாள். பானைக்குள்ளிருந்து யாரோ அழுகிற மாதிரி கேட்டது. அதைக் கேட்ட பிறகு பூவாயிக்கு ஒரு பூச்சி கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

நேரே பாறையின் நெற்றியில் போய் நின்றாள். "பெரியவரே, ஒரு கல்யாணத்துக்காகக் கொஞ்சம் வழி விடக் கூடாதா?"

பாறை உறுமியது. "என் தலைமேல நின்னு சம்பந்தம் பேசினே. வெத்தலையை மென்னு என் மேலயே துப்பினே. வாங்கன்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா? இந்தக் காட்டுல என்னைவிட மூத்தவன் எவன் இருக்கான்?"

அடடே, இது வழிக் கோபம் இல்லை, அழைக்காத கோபம் என்று பூவாயிக்குப் புரிந்துவிட்டது. உடனே கொழுந்து வெற்றிலையும் பாக்கும் கொண்டு வந்து வைத்தாள். காலில் விழலாம் என்றால் பாறைக்குக் கால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பக்கமும் விழுந்து எழுந்தாள்.

"தப்புதான் மாமா. மாப்பிள்ளைப் பையனுக்குத் தாய்மாமன் இல்லை. நீங்கதான் மாமனா இருந்து இதை நடத்திக் கொடுக்கணும்."

"நானா? எனக்கா உறவு?" என்றது பாறை. குரல் ஈர மணலாகக் குழைந்திருந்தது. "ஆனா நான் எப்படி வருவேன்? பிறந்ததுலேருந்து எழுந்ததில்லையே."

"நீங்க வர வேண்டாம். கல்யாணம் உங்ககிட்ட வரும். இந்த ஆமை சனத்துல மாப்பிள்ளை மாமன் மடியில உட்காரணும். அது வழக்கம்."

"எனக்கு மடி ஏது?"

"பண்ணிக்கலாம், மாமா. கொஞ்சம் குறுகுறுன்னு இருக்கும், அவ்வளவுதான்."

அடுத்து, மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்றைத் தேடிப் போனாள். பாவம், அவனுக்கு ஒரு குறை. மரமே இல்லாத காட்டில் எதில் பட்டுச் சத்தம் போடுவது? ஊமையாகவே அலைந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, கல்யாணத்துல குலவை போடுற வேலை உனக்கு. முதல்ல இங்க ஒரு மடி தோண்டு."

குலவை என்றதும் காற்று கை நிறைய மணலை அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். நாலு நாள் தேய்த்தான், சுரண்டினான், ஊதினான். பாறையின் வயிற்றில் அழகாக ஒரு குழிவு விழுந்தது. வட்டமுத்து நகர்ந்து போய் அதில் உட்கார்ந்து பார்த்தான். பாறைக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போது பூவாயி பெருமூச்சு விட்டாள். "மடி நல்லா அமைஞ்சிருக்கு. பொண்ணுதான் பாவம்."

"ஏன், என்ன அவளுக்கு?"

"உங்க மருமகனைக் கட்டிக்கப் போறவ உங்களுக்கு மக முறை இல்லையா, மாமா? மகளை அந்தப் பக்கம் வெயில்ல நிறுத்தி வைக்கலாமா? நாளைக்குச் சம்பந்தி வீட்டுல சொல்லிக் காட்டுவாங்களே!"

"யாரு பேச்சுக்கு யாரு இடம் கொடுக்கிறது? அந்தப் பக்கமும் தோண்டுடா, மேல்காத்து!" என்றது பாறை. தன் வாயாலேயே சொல்லிவிட்டது பாருங்கள். காற்று அந்தப் பக்கமும் போய் நாலு நாள் தோண்டிக்கொண்டே வந்தான்.

ஒன்பதாம் நாள் விடிந்தது. கள்ளி பூத்தது. இந்தப் பக்க மடியில் வட்டமுத்து. அந்தப் பக்க மடியில் மணிச்சி. நடுவில் வெற்றிலை கனத்துக்கு ஒரு கல். காற்று கடைசியாக ஒரு ஊது ஊதினான். கல் பொடிந்து கொட்டியது. வெளிச்சம் குறுக்கே பாய்ந்தது.

மணிச்சி கழுத்தை நீட்டினாள். வட்டமுத்துவும் நீட்டினான். மூக்கும் மூக்கும் இடித்துக்கொண்டன.

"அடியே பூவாயி!" என்று பாறை அலறியது. "மடின்னு சொல்லி வயித்தைத் துளைச்சிட்டியே! எல்லாரையும் இப்பவே நசுக்கிப் போடுறேன் பார்!"

மேலே கல் நெரிந்தது. ஆமைகள் இரண்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. பூவாயி மட்டும் நகரவில்லை. "அண்ணே, போடு குலவையை!" என்று கத்தினாள்.

காற்று அந்தத் துளை வழியே புகுந்து போனான். பிறந்தது முதல் வராத குரல் வந்தது. உலுலுலுலு என்று காடே அதிரக் குலவை! பாறைக்கு வயிற்றுக்குள் ஒரே கிச்சுகிச்சு. கோபத்தை இழுத்துப் பிடித்துப் பார்த்தது, முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரித்த சிரிப்பில் ஒட்டியிருந்த கல்லெல்லாம் வெளியே உதிர்ந்து, யானை நுழைகிற அளவுக்குப் பெரிய வளைவு திறந்துகொண்டது. அதன் கீழேதான் தாலி கட்டினார்கள்.

கூட்டம் சாப்பிடப் போனதும் பாறை மெல்லக் கேட்டது. "ஏன் பூவாயி, என் வயித்துல இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கே, பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"ஓட்டையா? இது வாசல், மாமா. வாசல் இருக்கிற வீட்டுக்குத்தானே சனம் வரும்!"

"இனிமே எல்லாக் கல்யாணத்துக்கும் எனக்குச் சொல்லுவியா?"

அன்று முதல்தான் செம்பாறை வளைவுகளுக்குள் காற்று குலவையிடுகிறது. பஸ் பிடித்து வந்து பார்க்கிறவர்களும் மாமன் மடியைத் தொடுவதுபோல் அந்தக் கல்லைத் தடவிவிட்டுத்தான் கடந்து போகிறார்கள். பூவாயியோ பாறையின் உச்சிக்கு ஏறி, "சொல்றேன் மாமா, சொல்றேன் மாமா" என்று தலையாட்ட ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை.