ஈரம் காய்வதற்குள் இரண்டு தடம்

ஈச்சங்காட்டு ஏரிக்கரைக்குக் கீழே, பள்ளத்துப் புதரில், மண்ணாயி என்றொரு காட்டுப்பன்றி இருந்தாள். பார்க்கச் சேறும் சகதியுமாகத்தான் இருப்பாள். ஆனால் அவள் இல்லாமல் அந்தக் காட்டில் ஒரு சட்டம்கூடப் போட முடியாது!

அங்கே சட்டம் போடும் விதமே தனி. மண்ணாயி களிமண்ணைக் குழைத்து, முறம் அகலத்துக்கு ஒரு பலகை தட்டுவாள். சட்டத்தைத் தன் கோரைப்பல்லால் அதில் கீறுவாள். ஈரம் காய்வதற்குள் தலைவர் ஒரு தடம் பதிக்க வேண்டும், சபை ஒரு தடம் பதிக்க வேண்டும். இரண்டும் விழுந்தால் சட்டம். ஒன்று குறைந்தாலும் வெறும் மண்ணாங்கட்டி. இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் தடம் யாருடையதோ, அவர் பேரைச் சொல்லித்தான் காடு அந்தச் சட்டத்தைக் கூப்பிடும்.

தலைவர் பெயர் கரும்பாறை. பெயருக்கேற்ற காட்டெருமை. அவருக்கு நான்கு மழைக்காலம் பதவி. சபைக்கு இரண்டே மழைக்காலம். ஆரம்பத்தில் சபை முழுக்க அவருடைய குளம்புக் கட்சிதான். கடமானும் புள்ளிமானும் காட்டாடும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவர் செருமினால் போதும், எல்லாம் தலையாட்டும். காலையில் நினைத்தது மதியம் சட்டமாகிவிடும்.

அப்படித்தான் ஒருநாள், "ஏரி நாணல் முழுவதும் மேய்ச்சலுக்கே" என்று ஒரு சட்டம் போட்டார்கள். நாணலுக்குள் கூடு கட்டியிருந்த பறவைகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளம்புகள் இறங்கின. முட்டைகள் நொறுங்கின. நாரைகளும் நீர்க்கோழிகளும் கத்திய கத்தலை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பறவைகள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தன. பறவைக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள், அவ்வளவு கோபம்! இரண்டு மழைக்காலம் முடிந்து சபைத் தேர்தல் வந்தது. முட்டையைப் பறிகொடுத்த பறவை ஒன்றுகூடக் கூட்டில் தங்கவில்லை. நீர்நாய்கள் வந்தன. ஆமைகள் முந்தின நாளே கிளம்பி வந்து சேர்ந்தன. தவளைகள் கூட்டம் கூட்டமாகத் தாவி வந்தன. சபை கைமாறியது! நீர்க்கட்சி ஜெயித்து, நெடுங்காலி என்ற நாரை சபைத் தலைவி ஆனாள். கரும்பாறைக்கோ இன்னும் இரண்டு மழைக்காலம் பதவி மிச்சம் இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து.

"நாணலில் குளம்பு படக் கூடாது" என்று சபை ஒரு பலகை கொண்டுவரும். கரும்பாறை காலைத் தூக்கவே மாட்டார். "மேட்டுப் புல்லில் பறவைகள் இறங்கக் கூடாது" என்று கரும்பாறை ஒரு பலகை கொண்டுவருவார். நெடுங்காலி ஒற்றைக் காலில் நின்றபடி கண்ணை மூடிக்கொள்வாள். வெயில் ஏறும். மண் காயும். மண்ணாயி பெருமூச்சு விட்டு, காய்ந்த பலகையைச் சபைப்பாறைக்குப் பின்னால் உருட்டிவிடுவாள்.

உண்மையைச் சொன்னால், முதலில் அவளுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. முன்புபோல அவசரக் கோலத்தில் அநியாயச் சட்டம் எதுவும் வரவில்லையே! ஆனால் நல்ல சட்டமும் வரவில்லை. சாதாரணச் சட்டமும் வரவில்லை. பாறைக்குப் பின்னால் காய்ந்த பலகைகள் மட்டும் யானை உயரத்துக்குக் குவிந்தன.

புரட்டாசி பிறந்த நான்காம் நாள், ஏரிக்கரையின் நடுவில் மண் சரிந்தது. ஒரு காட்டெருமை தாராளமாகப் படுத்துப் புரளும் அகலத்துக்குப் பள்ளம். ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்ததால் அன்று ஒன்றும் ஆகவில்லை. மழை வந்து ஏரி நிரம்பினால்? அந்த வழியாகப் பாயும் தண்ணீர் நேரே பள்ளத்துப் புதருக்குத்தான் வரும். அங்கே மண்ணாயியின் ஏழு குட்டிகள் பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மேட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் அங்கே சிறுத்தை நடமாட்டம்.

மண்ணாயி நினைத்திருந்தால் தன் கூட்டத்தைக் கூட்டி அந்தப் பள்ளத்தை அடைத்திருப்பாள். அதற்கும் வழியில்லை. பழைய சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. "சட்டம் இல்லாமல் கரையில் மண்ணைத் தோண்டினாலோ கொட்டினாலோ காட்டை விட்டே விரட்டப்படுவர்." அந்தச் சட்டம் வந்ததே பன்றிகளால்தான். ஒரு காலத்தில் கிழங்குக்கு ஆசைப்பட்டுக் கரையையே கிளறி வைத்த கூட்டம் அது!

அவள் கரும்பாறையிடம் ஓடினாள்.

"தலைவரே, கரை சரிஞ்சுபோச்சு! அடைக்கறதுக்குச் சட்டம் போடுங்க. என் புள்ளைங்க நேர் கீழே கிடக்குதுங்க!"

கரும்பாறை அசைபோடுவதை நிறுத்தினார். "அடைக்க வேண்டியதுதான். நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா முதல் தடம் என்னோடதா இருக்கணும். நாரை முந்திக்கிட்டா நாளைக்கு எல்லாரும் என்ன சொல்வாங்க? 'கரையைக் காப்பாத்தினது சபை, தலைவரு வேடிக்கை பார்த்தாரு'ன்னு சொல்வாங்க!"

"அப்போ நீங்களே முதல்ல வையுங்களேன்!"

"வெச்சு? அவ பின்னாடி வெக்காம நின்னுட்டா? மண்ணு காஞ்சுபோயி நான் அசிங்கப்படணுமா?"

மண்ணாயி நெடுங்காலியிடம் ஓடினாள். நாரை பொறுமையாகத்தான் கேட்டாள்.

"கரையைப் பத்தி எனக்குக் கவலை இல்லையா மண்ணாயி? தண்ணி போனா மீன் போச்சு. மீன் போனா நாங்க எங்கே போறது? ஆனா கரைச் சட்டத்தோட நாணல் சட்டத்தையும் சேர்த்து எழுது. ஒரே பலகைல ரெண்டும் வரணும்!"

"அதுக்கு அவரு ஒத்துக்க மாட்டாரே அம்மா!"

"ஒத்துக்கலைன்னா கெட்ட பேரு அவருக்குத்தானே!" என்று நெடுங்காலி இறகைக் கோதிக்கொண்டாள்.

மண்ணாயி தலையை ஆட்டிக்கொண்டே திரும்பினாள். இரண்டு பேருக்கும் கரை வேண்டும்! இரண்டு பேரும் அடைக்க விடமாட்டார்கள்! அதற்குப் பிறகும் அவள் விடாமல் ஐந்து பலகை தட்டினாள். ஐந்தும் வெயிலில் காய்ந்தன. ஒருநாள் தலைவர் தடம் வைத்தார், சபை வைக்கவில்லை. மறுநாள் சபை வைத்தது, தலைவர் வைக்கவில்லை. வெயில் ஏறுகிறவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுதான் இருவருக்கும் தெரிந்த ஒரே வித்தை.

ஐந்தாவது பலகையை உருட்டிவிட்டுத் திரும்பும்போது அவள் சட்டென்று நின்றாள். வானத்தைப் பார்த்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. குவிந்து கிடந்த பலகைகளைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள்.

"அடேயப்பா! வெயிலை நம்பித்தானே இவங்க ஆட்டமெல்லாம்! வெயிலே இல்லைன்னா?"

அன்று மதியமே தன் கூட்டத்தைக் கூப்பிட்டாள். காய்ந்த பலகைகளையெல்லாம் உடைத்துக் குட்டையில் ஊறப்போட்டார்கள். மிதித்துக் குழைத்தார்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து காயவிட்ட சட்டங்கள் எல்லாம் வெண்ணெய் போன்ற களிமண்ணாக மாறின.

"அக்கா, இதை எங்கே கொண்டுபோறது?" என்றது ஒரு பன்றி.

"கரைப் பள்ளத்துக்கு!"

எல்லாப் பன்றிகளும் நடுங்கின. "உனக்கென்ன பைத்தியமா? காட்டை விட்டே துரத்திடுவாங்க!"

"ரெண்டு தடமும் விழுந்தா இது சட்டம். விழலைன்னா நான் கரையில மண்ணைக் கொட்டினவ. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நானே போயிடறேன். நீங்க உருட்டி மட்டும் விடுங்க, கரையில வெக்கறது நான்!" என்றாள் மண்ணாயி. சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கரைமேல் ஏறினாள்.

மறுநாள் விடிந்தது. சூரியனைக் காணோம். தூறல் பிடித்துக்கொண்டது. கரைப் பள்ளம் நிறையக் களிமண். அதன் நடுவே மண்ணாயி கொட்டை எழுத்தில் கீறிய ஒற்றை வரி: "கரை உடைந்தால் எல்லாரும் சேர்ந்து அடைக்க வேண்டும்."

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. கரைக்குக் கீழே பள்ளத்தில் குடியிருக்கும் முயலும் கீரியும் முள்ளம்பன்றியும் வந்து கரை ஓரத்தில் கூடின. ஒரு பக்கம் கரும்பாறை தன் கூட்டத்தோடு தடதடவென்று வந்தார். மறுபக்கம் நெடுங்காலி சபையோடு வந்து இறங்கினாள்.

"யாரைக் கேட்டுக் கரையில மண்ணைக் கொட்டினே? கிளம்பு காட்டை விட்டு!" என்று கரும்பாறை உறுமினார்.

"இது பலகைங்க தலைவரே! கொஞ்சம் பெரிசா தட்டிட்டேன். படிச்சுப் பாருங்க!"

நெடுங்காலி கழுத்தை நீட்டிப் படித்தாள். "நாணலைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்லையே!"

"நாணலுக்கு வேற பலகை தட்டித் தர்றேன் அம்மா. எத்தனை வேணுமோ அத்தனை தர்றேன். இதுல கரை மட்டும்தான்."

இருவரும் பழைய வித்தைக்குத் திரும்பினார்கள். கரும்பாறை முகத்தை வடக்கே திருப்பினார். நெடுங்காலி தெற்கே திருப்பினாள்.

மண்ணாயி சிரித்தேவிட்டாள். "தாராளமா நில்லுங்க! ஆனா இன்னைக்கு வெயில் இல்லை. இந்த மண்ணு காயாது. நீங்க நிக்கிற வரைக்கும் இவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டே நிப்பாங்க!"

அப்போதுதான் இருவரும் கூட்டத்தைப் பார்த்தார்கள். ஈரத்தில் நனைந்தபடி, குட்டிகளை அணைத்தபடி, பள்ளத்துக் குடிகள் மொத்தமும் கண்கொட்டாமல் நின்றன. தூறல் வலுத்தது. ஒரு தாய் முயல் அடக்க முடியாமல் கத்தியது.

"தலைவரே, காலைத் தூக்குங்க! சபையம்மா, நீங்களும்தான்!"

நெடுங்காலிக்கு உதறல் எடுத்தது. பதற்றம் வந்தால் நாரைகள் என்ன செய்யும்? வழக்கம்போல ஒரு காலைத் தூக்கி மடக்கிக்கொண்டாள். அவ்வளவுதான்! ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த கரும்பாறைக்குப் பகீரென்றது.

"ஐயோ, முந்திக்கிறா!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தார்.

"விடாதீங்க, அவரு முந்தறாரு!" என்று நெடுங்காலி சிறகடித்து விழுந்தாள்.

தலைவர் பாய்ந்த பிறகு குளம்புக் கட்சி சும்மா நிற்குமா? "முதல் தடம் நம்மளோடது!" என்று கடமான்கள் குதித்தன. "நம்மளோடது!" என்று நீர்நாய்கள் உருண்டன. நாரைகள் மிதித்தன. காட்டாடுகள் மிதித்தன. ஆமைகள் தங்கள் வேகத்தில் வந்து, கனமாக மிதித்தன. குழைந்த களிமண் மிதிபட்டு மிதிபட்டு இறுகியது. பள்ளம் மட்டமானது. ஓரங்கள் பழைய கரையோடு ஒட்டிக்கொண்டன. தடம் ஒன்றா, இரண்டா? ஆயிரக்கணக்கில் விழுந்தன! முதல் தடம் யாருடையது என்று கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

மண்ணாயி சேற்றில் உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

அன்று இரவு தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை. ஏரி தளும்பியது. அலை வந்து புதுமண்ணில் மோதியது. கரை அசையவில்லை! ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை! நான்காம் நாள் மழை விட்டபோது ஏழு குட்டிகளும் காய்ந்த சருகில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. காடே கரைமேல் ஏறி நின்று ஆரவாரம் செய்தது. தவளைகள் போட்ட சத்தத்தில் மீன்கள் துள்ளின.

"என் தடம்தான் முதல்ல விழுந்துச்சு!" என்றார் கரும்பாறை.

"எங்களோடதுதான்!" என்றாள் நெடுங்காலி.

காடு இரண்டு பேரையும் கேட்கவில்லை. அதற்கு "மண்ணாயி சட்டம்" என்று பேர் வைத்துவிட்டது! அந்தப் பேர் காதில் விழ விழ இருவருக்கும் உறைத்தது. அடுத்த வாரமே நாணல் விவகாரத்தை எடுத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் கத்தினார்கள். கடைசியில், கூடு கட்டும் மாதங்களில் நாணல் பறவைகளுக்கு, மற்ற மாதங்களில் மேய்ச்சலுக்கு என்று முடிவானது. வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில், பலகை பாதிகூடக் காய்வதற்குள் இரண்டு தடமும் விழுந்தன. மண்ணாயி தலை நிமிர்ந்து நின்று அந்தப் பலகையைக் காடு முழுவதும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

அதிகாரம் இரண்டு கையில் இருக்கும்போது, பேர் யாருக்கு என்று பார்க்காமல் இருவரும் சேர்ந்து பொதுவேலையில் இறங்கினால்தான் குடிகள் பிழைப்பார்கள்.