ஒன்பதாவது கிணறு

"எல்லாக் கிணத்துக்கும் சேர்த்துச் சராசரி வரம்புக்குள்ளதான் இருக்கு மேடம். வேலை முடிஞ்சதுன்னு எழுதிடலாமா?"

கேட்டவர் தணிகாசலம். தோல் தொழிற்சாலை ஒன்றில் சுற்றுச்சூழல் அதிகாரி. நாற்பத்தெட்டு வயது. வேலையை விடாமல், கெட்டுப்போன மண்ணையும் நீரையும் மீட்பது பற்றிய முதுகலைப் படிப்பை இணையத்தில் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் வகுப்பு.

திரையில் பாடம் நடத்தும் ஷமீமா மேடம். அவரைவிடப் பத்து வயது இளையவர்.

கடைசிப் பயிற்சியாகத் தன் கம்பெனி அறிக்கையையே அனுப்பியிருந்தார் தணிகாசலம். ஆலையைச் சுற்றிப் பதினோரு கிணறுகள். தோல் பதனிடும் குரோமியம் இறங்கிக் கெட்ட நிலத்தடி நீரை, நான்கு வருடமாக பம்ப் வைத்து இறைத்துச் சுத்தம் செய்கிறார்கள். வேலை முடிந்ததென்று அன்று காலையே மேலாளரிடம் சொல்லியிருந்தார். தணிகாசலம் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை பம்புகள் நின்றுவிடும்.

"ஒன்பதாவது கிணத்துல மட்டும் குரோமியம் அதிகமா இருக்கே சார்?"

"மத்த பத்தும் சரியா இருக்கு மேடம்."

"அது யாரோட கிணறு?"

தணிகாசலம் தாள்களைப் புரட்டினார். ஆழம் இருந்தது. நீர்மட்டம் இருந்தது. பெயர் இல்லை.

"தெரியல மேடம்."

"போய்ப் பார்த்துட்டு வாங்க. மார்க் அப்புறம் போடறேன்."

மறுநாள் காலை போனார்.

ஓட்டு வீடு. கிணறு பின்புறம். பச்சையம்மா என்றொரு பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"கம்பெனியிலேர்ந்து வரேம்மா."

"பாட்டில் எங்க சார்? உங்க ஆளுங்க வந்தா தண்ணி புடிச்சுக்கினு அப்படியே போயிடுவாங்க. நீங்க உள்ள வாங்க."

உட்காரவைத்தார். மின்விசிறியைத் தன் பக்கமிருந்து அவர் பக்கம் திருப்பினார். மூலையிலிருந்த கேனைச் சாய்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பிறகு அடுப்படிக் குடத்தில் மொண்டு, தான் குடித்தார்.

தணிகாசலம் குடத்தைப் பார்த்தார்.

"அது கிணத்துத் தண்ணியாம்மா?"

"ஆமா சார்."

"எனக்கு மட்டும் ஏன் கேன் தண்ணி?"

பச்சையம்மா கூச்சத்தோடு சிரித்தார்.

"இந்தத் தண்ணி டவுன்காரங்களுக்கு ஒத்துக்காது சார். எங்க ஊட்டுக்கு வந்த எடத்துல உங்க உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா, எனக்குத்தான மனசு கேக்காது?"

அவரால் அடுத்த வாய் குடிக்க முடியவில்லை.

"சூடா இருக்கா சார்? பானையில ஊத்தி வெச்சிருக்கணும். மறந்துட்டேன்."

"இல்லம்மா. நல்லா இருக்கு."

கைப்பேசியை எடுத்தார். மேலாளரைக் கூப்பிட்டார்.

"சார், பம்பை நிறுத்த வேண்டாம். நான் கையெழுத்துப் போடல."

"என்னய்யா இது? வேலை முடிஞ்சதுன்னு நேத்து நீதான சொன்ன?"

"நேத்து நான் இங்க வரல சார்."