தாமரை இலையில் சுற்றி வைத்த முள்வில்

ஒரு குளத்தில் நாமக்கோழிகள் கூட்டமாய் வாழ்ந்து வந்தன. கரிய உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம். நாணலுக்குள் கூடு கட்டி முட்டையிடும். அந்த முட்டைகளைத் தின்னக் கரையிலிருந்து ஓர் உடும்பு வரும்.

அதைத் துரத்தக் கோழிகளிடம் ஒரு வழி இருந்தது. தினமும் காலையில் எல்லாம் கூடி, குளத்தில் கிடந்த மரக்கட்டையை உடும்பாக நினைத்துக்கொண்டு பாயும். இறக்கையால் தண்ணீரை வாரி அடிக்கும். தொண்டை கிழியக் கத்தும். பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. ஆனால் நிஜ உடும்பு வரும்போது எந்தக் கோழிக்கும் கால் நடுங்கியதில்லை.

ஒருநாள் வாலாண்டி என்ற குரங்கு ஒரு முள்வில்லோடு வந்தது. வளைத்த மூங்கில், இழுத்துக் கட்டிய நார், முள்ளம்பன்றியின் ஐந்து முட்கள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குரங்கு கரையில் ஒரு சுரைக்காயை நிறுத்தி, நாரை இழுத்து விட்டது. முள் சுரைக்காயைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"சுரைக்காய்க்கே இந்தக் கதி! உடும்புக்கு என்ன ஆகும், நீங்களே யோசித்துப் பாருங்கள்."

"சுரைக்காய் நகராதே" என்றது செங்கண்ணி என்ற பெட்டைக்கோழி. அதன் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

அந்த வருஷத்துத் தாமரைக் கொட்டை மொத்தத்தையும் விலையாகக் கேட்டது குரங்கு. தலைவன் பெருநாமன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியது. ஏற்கெனவே நெற்றியில் நாமம் உள்ள கூட்டத்துக்குப் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போனது குரங்கு என்று கொக்குகள் கேலி பேசின. கோழிகள் அந்தப் பருவம் முழுவதும் பாசியைத் தின்று வயிற்றைக் கழுவின.

"ஒரு தடவை நாமும் விட்டுப் பார்ப்போமே" என்றது செங்கண்ணி.

"ஒரு முள்ளின் விலை தெரியுமா உனக்கு? இருப்பதே நாலு. விளையாட்டுச் சாமானா இது?" என்று சீறியது பெருநாமன்.

"அதற்கில்லை. இழுக்கிற அலகுக்குப் பழக்கம் வேண்டாமா?"

"பழகிப் பழகி நார் தேய்ந்தால் நீயா மாற்றித் தருவாய்?"

அதோடு பேச்சு முடிந்தது. முள்வில்லைத் தாமரை இலையில் பொத்திப் பொத்தி வைத்தன. விசேஷ நாளில் வெளியே எடுத்துக் குளத்தைச் சுற்றி ஊர்வலம் விட்டன. பக்கத்துக் குளத்து வாத்துகள் கூட வந்து வாய் பிளந்து பார்த்தன. "ஆயுதம் இருக்கிற குளத்துக்குக் கூச்சல் எதற்கு?" என்று காலைப் பயிற்சியையும் நிறுத்திவிட்டது பெருநாமன். மரக்கட்டை சும்மா கிடந்தது.

மழைக்காலம் வந்தது. செங்கண்ணியின் கூட்டில் ஏழு முட்டைகள் இருந்தன.

தூறல் விடாமல் பெய்த ஒரு நாள், நாணலைத் தள்ளிக்கொண்டு உடும்பு நேராக அந்தக் கூட்டுக்கு வந்தது. பெருநாமன் பெருமையாக முள்வில்லைப் பிரித்து நாரை இழுத்து விட்டது. ஈரத்தில் ஊறியிருந்த நார் தொளதொளவென்று தொங்கியது. முள் பெருநாமனின் காலடியிலேயே விழுந்தது. அடுத்த முள்ளும் அப்படியே.

"ஓடிப் போய் வாலாண்டியைக் கேள்!" என்று ஒரு கோழியை விரட்டியது பெருநாமன்.

ஆலமரத்தில் நனையாமல் உட்கார்ந்திருந்த குரங்கு சாவதானமாகப் பதில் சொன்னது. "அது வெயில் காலத்து வில் ஆயிற்றே. மழைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. விலைதான் கொஞ்சம் கூட."

அந்தப் பதில் குளத்துக்கு வந்து சேர்வதற்குள் உடும்பு மூன்று முட்டைகளை விழுங்கியிருந்தது. செங்கண்ணி தனியாக அதன் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக் கத்திக்கொண்டிருந்தது. மற்ற கோழிகள் பாய நினைத்தன. எப்போது பாய்வது, யார் முன்னால் போவது என்பதே மறந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி வந்தன. கடைசியில் உடும்பு திரும்பிப் போனது. சத்தத்துக்குப் பயந்து போனதா, வயிறு நிறைந்து போனதா என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டில் இரண்டு முட்டைகள் மிஞ்சியிருந்தன.

"வாலாண்டி நம்மை ஏமாற்றிவிட்டான்" என்றது பெருநாமன்.

செங்கண்ணி மிஞ்சியவற்றின் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்தது. "அவன் விற்றான், போய்விட்டான். ஒரே ஒரு மழையில் அதை வெளியே எடுத்துப் பார்த்திருந்தால் நமக்கே தெரிந்திருக்கும். நாம் பத்திரமாக வைத்தது அந்த வில்லைத்தான். என் முட்டைகளை வைக்கவில்லை."



மறுநாள் காலையிலும் தூறிக்கொண்டுதான் இருந்தது. மரக்கட்டைப் பக்கமிருந்து ஒரே ஒரு கோழியின் கத்தல் கேட்டது. செங்கண்ணி நாணலை விலக்கிப் பார்த்தது. பெருநாமன்தான். கத்தி நாள்பட்டுப் போனதால் தொண்டை கம்மியிருந்தது. விடாமல் கட்டையின்மேல் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மற்ற கோழிகளும் வந்து சேர்ந்துகொண்டன.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயுதமானாலும், மழையிலும் சேற்றிலும் எடுத்துப் பழகிப் பார்க்காதது ஆபத்து நாளில் காவலுக்கு ஆகாது.